யன்னல் மாற்றியதில் இழந்த 250 டொலரும் மீட்ட முற்பணமும்

ஸ்காபரோவில் 1962இல் கட்டப்பட்ட எங்கள் செங்கல் வீட்டின் யன்னல்களை 2022இல் மாற்றினோம். வீட்டின் சக்திச் செலவைக் குறைக்கும் திருத்த வேலைகளுக்குக் கனடா அரசு கொடுத்த கிறீனர் ஹோம்ஸ் மானியத்தில் ஒரு யன்னலுக்குரிய 250 டொலர் கைநழுவிப் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. சமையலறை யன்னலைப் பூட்ட முடியாமல் குளிர்காற்று வந்துகொண்டிருந்தபோது, "இதை இப்போதே மாற்றுங்கள், மதிப்பீட்டைப் பிறகு செய்யலாம்" என்று விற்பனையாளர் சொன்னதை நம்பினோம். வீட்டின் சக்திப் பயன்பாட்டை ஆராயும் முதல் மதிப்பீட்டுக்கு முன் செய்த வேலைக்கு மானியம் இல்லை என்பதைப் பின்னர் வீட்டுக்கு வந்த மதிப்பீட்டாளரிடமிருந்துதான் அறிந்தேன். முன்னறையில் அடுத்தடுத்து இருந்த மூன்று யன்னல்களும் ஒரே சுவர்த்திறப்பில் பொருத்தப்பட்டவை என்பதால், மானியக் கணக்கில் அவற்றை அவர் ஒன்றாகவே எண்ணினார். அந்தத் திட்டம் 2024இல் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. ஆயினும் எந்த மானியமானாலும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை விற்பனையாளரிடம் கேட்காமல் திட்ட விதிகளிலேயே பாருங்கள்.

மற்ற யன்னல்களுக்கும் அதே நிறுவனத்துடன் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே ஒப்பந்தம் எழுதி, முற்பணமும் கொடுத்திருந்தோம். மூன்றடுக்குக் கண்ணாடி, யூ மதிப்பு 0.74 என்று அவர்களின் கையேடு காட்டியது. வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதைச் சொல்லும் இந்த எண் குறையக் குறைய நல்லது என்பதால் நானும் மகிழ்ந்திருந்தேன். மதிப்பீட்டாளர் சொன்னதற்கிணங்க முழு யன்னலுக்குமான சான்றிதழைக் கேட்டு வாங்கியபோது, அதில் யூ மதிப்பு 1.27 என்றும், யன்னலின் மொத்தச் சக்தித் திறனைச் சொல்லும், கூடக் கூட நல்லதான ஈ.ஆர். மதிப்பு 29 என்றும் இருந்தது. 0.74 என்பது கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டும் உரிய அளவு. வெப்பம் அதிகம் கசியும் சட்டமும் கண்ணாடி விளிம்பும் அதில் சேரவில்லை. அந்த மானியத்தில் 125 டொலர் பெறுவதற்கே யூ 1.22க்கு மேற்படாமல் அல்லது ஈ.ஆர். 34க்குக் குறையாமல் இருக்க வேண்டியிருந்தது. 250 டொலருக்கு 1.05 அல்லது 40. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்ய ஒன்ராறியோச் சட்டம் இடமளிக்கிறது. ஏழாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். முற்பணம் முழுவதும் திரும்பி வந்தது.

இரண்டாவதாக வந்த ஒப்பந்தகாரர் விலை பேசுமுன் படுக்கையறை யன்னலின் உள்விளிம்புப் பலகையைக் கழற்றிக் காட்டினார். அடிச்சட்டம் கறுத்து ஈரமாக இருந்தது; அவரது திருகாணிமுடுக்கி ஊறிய பாணுக்குள் இறங்குவதுபோல அதில் இறங்கியது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கைப்பிடி நைந்த பஞ்சைத் தவிர வேறெதுவும் இல்லை. முதல் நிறுவனம் இந்தச் சட்டத்துக்குள்ளேயே புதிய யன்னலைச் செருகிவிட்டுப் போயிருக்கும்! பழைய வீடு என்றால், சட்டத்தோடு முழுவதையும் அகற்றும் வேலைக்கும் தனியாக விலை கேளுங்கள். செலவு கூடினாலும் நாங்கள் அதையே செய்தோம். மாதிரி இலக்கம், முழு யன்னலின் மதிப்புகள், இடைவெளியில் குறைவாக விரியும் நுரையையே அடிக்க வேண்டும் என்பது ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதுவித்தேன். அதிகம் விரியும் நுரை சட்டத்தை வளைத்து, யன்னலைத் திறக்கவிடாமல் செய்துவிடும்.

பொருத்தும் வேலை மூன்று நாட்களில் முடிந்தது. சான்று ஒட்டுத்தாள்களை நான் படமெடுக்கும்வரை உரிக்க வேண்டாம் என்று வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். இரண்டாம் மதிப்பீட்டில் அந்தப் படங்களே கைகொடுத்தன. எட்டுச் சுவர்த்திறப்புகளுக்கும் தலா 250 டொலராக 2,000 டொலர் வந்து சேர்ந்தது. ஒன்பதாவது, அந்தச் சமையலறை யன்னல்.