நோங்சாவ்லியாவில் ஒரு ஞாயிறு

“காசி மலைக்குப் போகிறேன்” என்றதும், “அப்படியே ஒரு சொம்பு கங்கைத் தண்ணீர்” என்றார் பக்கத்து வீட்டு மாமி. இது மேகாலயாவில் இருக்கும் காசி என்று விளக்குவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஷில்லாங்கிலிருந்து 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் சோரா. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த சிரபுஞ்சிதான். அங்கேதான் நோங்சாவ்லியா, காசி மலையின் முதல் பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ சபை 1846-ல் உருவான இடம். நான் போன அன்றும் மழை. பின்னே?

வேல்ஸ் நாட்டுத் தச்சர் வீட்டுப் பிள்ளை, மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் 1841 ஜூன் 22-ல் சோராவுக்கு வந்தார். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்குப் படிக்கத் தமிழ் எழுத்து இருந்தது. காசி மொழிக்கோ சொந்த எழுத்து இல்லை. செராம்பூர் மிஷனரிகள் வங்காள எழுத்தில் முயன்றார்கள், அது நிலைக்கவில்லை. ஜோன்ஸ் ரோமன் எழுத்தைத் தன் வெல்ஷ் தாய்மொழிப் பாணியில் எழுதிக் காட்டினார். இன்றும் காசி அரிச்சுவடியில் பி-க்கு அப்புறம் சி கிடையாது. அந்த இடத்தில் கே உட்கார்ந்திருக்கிறது.

அதன் அருமை ஆராதனையில்தான் புரிந்தது. பக்கத்தில் ஜைன்செம் என்ற காசிப் பெண்களின் உடை உடுத்திய பாட்டி, பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்து, விரலால் வரியைக் காட்டினார். பொருள் தெரியாமலேயே எழுத்துக் கூட்டிப் பாடினேன். என் உச்சரிப்பை மழை மூடிவிட்டது. ‘உ ப்ளெய்’ என்ற சொல் வந்தபோது மட்டும், தேவனைத்தான் சொல்கிறார்கள் என்று பிடிபட்டது. கண் கலங்கிவிட்டது.

இந்த எழுத்தைத் தந்தவரை 1847-ல் அவருடைய மிஷனே விலக்கிவிட்டது. மனைவி இறந்தபின் செய்துகொண்ட மறுமணம், விவசாயம், வியாபாரம் என்று பல மனத்தாங்கல்கள். அப்புறம், இங்கே கோலோச்சிய ஓர் ஆங்கில வியாபாரியை எதிர்த்து மக்கள் பக்கம் நின்றார். ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. 1849-ல் காய்ச்சலில், 39 வயதில், கல்கத்தாவில் இறந்தார். கல்லறையும் அங்கேதான். இப்போது ஜூன் 22 காசி மலையில் அரசு விடுமுறை! மிஷன் அவசரப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெளியே வந்ததும் பாட்டி ‘க்வாய்’ நீட்டினார். நம்ம ஊர் வெற்றிலை பாக்குதானே என்று வாயில் போட்டேன். பச்சைப் பாக்கு. காது சுட்டு, அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்துவிட்டது. பாட்டி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “குப்லேய்” என்றேன். நன்றிக்கும் ஆசீர்வாதத்துக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான்.