நீந்தியே வந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம்

ஒரு சிப்பியோ நண்டோ தன் சொந்தக் கரையை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் புதிய கரையில் பெருகிக் கிடக்கிறது என்று செய்தி வந்தால், "கடல் எல்லாம் ஒன்றுதானே, நீந்தி வந்திருக்கும்" என்று உடனே யாராவது சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. கரையோர உயிர்களுக்குக் கடல் ஒன்று அல்ல. பாறையிலும் சேற்றிலும் ஒட்டி வாழும் ஒரு பிராணிக்கு நடுக்கடல் என்பது இரையும் இல்லாத, ஒட்டிக்கொள்ள இடமும் இல்லாத ஒரு பெரிய வெட்டவெளி. முட்டையிலிருந்து வெளிவரும் லார்வா நீரோட்டத்தில் மிதக்கும், உண்மைதான், ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. சில நண்டுகளின் லார்வா ஒன்றரை மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். டிடெம்னம் என்ற டியூனிகேட் இருக்கிறதே, பாறை மேல் வெளிர்மஞ்சள் பிசினை ஊற்றியது போலப் படரும் உயிர், அதன் லார்வா சில மணி நேரத்துக்குள் எங்காவது ஒட்டியாக வேண்டும். அப்படிப்பட்டது இன்று நியூசிலாந்து, ஐரோப்பா, வட அமெரிக்காவின் இரண்டு கரைகள் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. சில மணி நேர ஆயுசில் எந்தச் சமுத்திரத்தையும் கடக்க முடியாது. தூக்கிக்கொண்டு போனது நாம்தான்.

கப்பலிலிருந்து தொடங்குகிறேன். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பல் தண்ணீரில் அதிகம் மிதந்து ஆடும், அதனால் அந்தத் துறைமுகத்துத் தண்ணீரையே தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும். இதுதான் பேலஸ்ட் நீர். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்தத் தண்ணீரை அங்கே வெளியேற்றும். தண்ணீர் என்றால் வெறும் தண்ணீரா? அந்தத் துறைமுகத்தில் அன்றைக்கு மிதந்த லார்வா, புழு, பாசி அத்தனையும் அதில் இருக்கும். ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கூஸ் விரிகுடாவுக்கு வந்த 159 சரக்குக் கப்பல்களின் பேலஸ்ட் நீரை அலசிப் பார்த்தபோது 367 வகை உயிர்கள் கிடைத்தன. 1993இல் அந்த ஆய்வு வெளிவந்த பிறகுதான் பலருக்கும் இதன் அளவு உறைத்தது.

பேலஸ்ட் நீர் என்ன செய்யும் என்பதற்குக் கருங்கடலைத்தான் பார்க்க வேண்டும். நெமியாப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லி அமெரிக்கக் கண்டத்தின் அட்லாண்டிக் கரைக்குச் சொந்தமானது. கையளவு கண்ணாடிக் குமிழ் மாதிரி இருக்கும், கொட்டாது, பார்ப்பதற்குச் சாதுவான பிராணி. ஒரே உடலில் ஆணும் பெண்ணும் உண்டு, துணையே இல்லாமல் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும், நன்றாகத் தின்னக் கிடைத்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புது இடத்துக்குப் போகும் எந்த உயிருக்கும் முதல் சிக்கல் ஜோடி கிடைப்பதுதான், இதற்கு அந்தச் சிக்கலே கிடையாது. 1980களின் தொடக்கத்தில் கருங்கடலுக்கு வந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கடல் முழுவதும் நிறைந்துவிட்டது. நெத்திலிக்கு இரையான மிதவை உயிர்களைத் தின்றது, நெத்திலியின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே தின்றது. அந்தக் கடலின் நெத்திலி மீன்பிடிப்பு படுத்துவிட்டது. எல்லாப் பழியையும் ஜெல்லி மேல் போடுவது நியாயமில்லை, அதற்கு முன்பே அங்கே அளவுக்கு மீறி மீன் பிடித்திருந்தார்கள், ஆறுகள் கொண்டுவந்த உரச் சத்தும் கடலைக் கெடுத்திருந்தது. நலிந்து போன கடலில்தான் வந்தேறி இத்தனை வேகமாகக் காலூன்றும். அப்புறம் 1997இல் பெரோயே என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி, நெமியாப்சிஸையே இரையாகத் தின்பது, அதுவும் யாரும் திட்டமிட்டுக் கொண்டுவராமலே கருங்கடலுக்கு வந்து சேர்ந்தது. நெமியாப்சிஸ் குறைந்தது, மீன் ஓரளவு மீண்டது. ஆனால் அதற்குள் நெமியாப்சிஸ் வோல்கா–தோன் கால்வாய் வழியே கப்பலேறிக் காஸ்பியன் கடலுக்குப் போய்விட்டது. 1999இல் அங்கே தென்பட்டபோது அதைத் தின்ன அங்கே யாரும் இல்லை.

பேலஸ்ட் நீர் பற்றியாவது இப்போது ஓரளவு பேசுகிறார்கள். கப்பலின் அடிப்பாகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, என் கணக்கில் அதுதான் இன்னும் கவலைக்குரியது. தண்ணீருக்குள் கிடக்கும் எந்தப் பரப்பிலும் முதலில் ஒரு வழுவழுப்பான படலம் படியும், அதன் மேல் பாசி, அதன் மேல் கொட்டலசு, சிப்பி, குழாய்ப் புழு, டியூனிகேட் என்று அடுக்கடுக்காக ஒரு குடியிருப்பே வந்துவிடும். இதைத் தடுக்கத்தான் நச்சுப் பெயின்ட் பூசுகிறார்கள். ஆனால் உலர்துறையில் கப்பலைக் கட்டைகள் மேல் தாங்கி நிறுத்தித்தான் பெயின்ட் அடிக்க வேண்டும், கட்டை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பெயின்ட் படாது. கப்பல் முழுவதும் பளபளவென்று இருக்க, அடியில் மட்டும் சதுரம் சதுரமாகப் பழைய பரப்பு அப்படியே இருக்கும். கொட்டலசுக்கு அந்தச் சதுரம் போதும். இன்னொரு இடம், கப்பல் எந்திரங்களுக்குக் கடல்நீரை உள்ளே இழுக்கும் பெட்டி போன்ற குழிவு. வாயில் கம்பிச் சட்டம், உள்ளே அலை அடிக்காது, கப்பல் எத்தனை வேகத்தில் போனாலும் உள்ளே இருப்பதை அடித்துக்கொண்டு போகாது, இரையும் ஆக்சிஜனும் தண்ணீரோடு தானாக வந்துகொண்டே இருக்கும். அதற்குள் ஒட்டி வாழும் சிப்பி மட்டுமல்ல, ஓடித் திரியும் வளர்ந்த நண்டுகளே பயணம் செய்வதைக் கண்டிருக்கிறார்கள். லார்வாவுக்குக் கெடு உண்டு என்றேனே, முட்டை சுமந்த தாய் நண்டே பயணம் செய்தால் அந்தக் கெடுவுக்கு என்ன அர்த்தம்?

பெரிய கப்பல் கொண்டுவருவது துறைமுகம் வரைதான். அங்கிருந்து அடுத்த விரிகுடாவுக்குக் கொண்டுபோவது சின்னப் படகுகள், பாய்மர உல்லாசப் படகுகள், இழுத்துச் செல்லும் பார்ஜுகள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டிக் கிடந்துவிட்டு ஒருநாள் மெதுவாக நகரும் பார்ஜ் இருக்கிறதே, அதைவிட வசதியான வண்டி இந்த உயிர்களுக்குக் கிடையாது. டிடெம்னம் நியூசிலாந்தின் வடக்குத் தீவிலிருந்து தெற்குத் தீவின் மார்ல்பரோ சவுண்ட்ஸ் என்ற விரிகுடாக்களுக்குப் போனது அப்படி ஒரு பார்ஜின் அடியில்தான். அதைத் தண்ணீரிலேயே வைத்துச் சுரண்டினால் இன்னும் மோசம், பிய்ந்து விழும் துண்டு ஒவ்வொன்றும் தனியாக ஒட்டி வளரக்கூடியது.

ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஆஸ்திரேலியாவின் டார்வின். 1999 மார்ச்சில் அங்கே ஒரு படகுத்துறைக்குள் இறங்கிய முக்குளிப்பாளர்கள் கருங்கோட்டுச் சிப்பியைக் கண்டார்கள். அமெரிக்க வெப்பமண்டலக் கரைகளைச் சேர்ந்தது, ஆசியத் துறைமுகங்கள் பலவற்றில் ஏற்கெனவே பரவியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் பார்த்தபோது அது அங்கே இல்லை. இப்போது சில இடங்களில் ஒரு சதுர மீட்டரில் 20,000க்கும் மேல், கயிறு, தூண், படகின் அடி எதையும் விடாமல் அப்பியிருந்தது. டார்வினில் ஓதம் எட்டு மீட்டர் வரை ஏறி இறங்கும், அதனால் அங்குள்ள படகுத்துறைகளுக்கு மதகுக் கதவுகள் உண்டு. அந்தக் கதவுகளை மூடினார்கள், உள்ளே குளோரினையும் செம்புச் சல்பேட்டையும் கொட்டினார்கள். உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன, அந்த விலையைத் தெரிந்தேதான் கொடுத்தார்கள். அதற்குள் வெளியேறியிருந்த படகுகளை நூற்றுக்கணக்கில் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். சில வாரங்களில் அந்தச் சிப்பி ஒன்றுகூட இல்லாமல் போனது. கடலில் இப்படி முழுதாக ஒழித்த கதைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கதவு இல்லாத துறைமுகமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது, கண்டுபிடிக்க இன்னும் ஓராண்டு ஆகியிருந்தாலும் நடந்திருக்காது.

அதே தென்னமெரிக்க, நடு அமெரிக்கக் கரைகளிலிருந்து வந்த இன்னொரு சிப்பி மைட்டெல்லா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, கேரளத்தின் அஷ்டமுடிக் காயல் என்று வந்து எண்ணூர், பழவேற்காடு வரை அப்பிக் கிடக்கிறது. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். அங்கே மூடுவதற்குக் கதவு எதுவும் இல்லை.

கப்பல் மட்டும்தான் வழி என்று சொல்லவில்லை. ஐரோப்பியப் பச்சை நண்டு 1817லேயே அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தது, மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தென்பட்டது 1989இல். தூண்டில் புழுக்களைக் கிழக்கிலிருந்து கடற்பாசியில் பொதிந்து அனுப்புவார்கள், அந்தப் பாசிக்குள் ஒளிந்து வந்திருக்கலாம் என்பது ஒரு பலமான ஊகம். அங்கே குடியேறிய பிறகு 1997–98 எல் நினோவின்போது வடக்கு நோக்கி ஓடிய வலுவான நீரோட்டம் அதன் லார்வாக்களை ஓரிகன், வாஷிங்டன் தாண்டிக் கனடா வரை சேர்த்தது, 2022இல் அலாஸ்காவையும் தொட்டுவிட்டது. முதல் பெரிய தாவலுக்கு மனிதன் வேண்டும், அப்புறம் கரையோரமாகப் போவதை நீரோட்டமே பார்த்துக்கொள்ளும்.

சிப்பி வளர்ப்பும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆயிஸ்டர்களை வளர்ப்புக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது கிரெபிடுலா என்ற செருப்பு வடிவ நத்தை கூடவே போனது. இவை ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி அடுக்காக உட்காரும். அடியில் இருப்பது பெரிய பெண், மேலே சின்ன ஆண்கள், அடியில் உள்ளது செத்தால் மேலே இருக்கும் ஆண் பெண்ணாக மாறும். ஜோடி தேட நகர வேண்டியதே இல்லை. இன்று பிரான்சின் சில விரிகுடாக்களில் அடிமண்ணே தெரியாத அளவுக்கு மூடிக் கிடக்கிறது.

சூயஸ் கால்வாய் 1869இல் திறந்ததிலிருந்து செங்கடல் உயிர்கள் மத்தியதரைக் கடலுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. அது நீண்ட கதை, தனியாக எழுத வேண்டும். 2011 சுனாமியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் மிசாவா துறைமுகத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போன ஒரு மிதவை மேடை, இருபது மீட்டர் நீளம், 2012 ஜூனில் ஓரிகன் கடற்கரையில் ஒதுங்கியது. அதன் மேல் ஜப்பானியச் சிப்பி, கொட்டலசு, நண்டு, பாசி எல்லாம் உயிரோடு இருந்தன. ஆட்கள் திரண்டு சுரண்டி, தீப்பிழம்பால் பொசுக்கி, சுரண்டியதை ஓதம் எட்டாத இடத்தில் புதைத்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் சுனாமிக் குப்பையோடு பசிபிக்கைக் கடந்து வந்தவை என்று கிட்டத்தட்ட 300 இனங்களைக் கணக்கெடுத்தார்கள். பழைய காலத்தில் கடலில் மிதந்தவை மரங்கள், உளுத்து மூழ்கிவிடும். பிளாஸ்டிக்கும் ஃபைபர் கண்ணாடியும் வருடக்கணக்கில் மிதக்கும். ஆகவே கடல் தானாகக் கடத்துகிறது என்று சொல்லக்கூடிய இடத்திலும் மிதப்பது நம் பொருள்தான்.

சட்டம் என்ன செய்கிறது? பேலஸ்ட் நீருக்குச் சர்வதேச ஒப்பந்தம் 2004இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வடிகட்டி, புற ஊதாக் கதிர், குளோரின் போன்றவற்றால் சுத்திகரித்து, ஒரு கன மீட்டரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் பத்துக்கும் குறைவாக இருந்தால்தான் வெளியேற்றலாம். தாமதம் என்றாலும் நல்ல சட்டம். கப்பலின் அடிப்பாகத்துக்கோ சர்வதேச அளவில் இருப்பவை 2011இல் வந்து 2023இல் திருத்திய வழிகாட்டுதல்கள்தான், கட்டாயம் இல்லை. நியூசிலாந்து 2018 முதல் தன் கரைக்கு வரும் எல்லாக் கலங்களும் சுத்தமான அடியோடுதான் வர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. மற்ற நாடுகளும் இதைச் செய்யலாம், காத்திருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. சின்னப் படகு வைத்திருப்பவர்கள் சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வேறு விரிகுடாவுக்குக் கிளம்புமுன் படகைக் கரையேற்றிச் சுரண்டுங்கள், சுரண்டியதைத் தண்ணீரில் தள்ளாமல் வாரிக் குப்பையில் போடுங்கள், கயிறு, நங்கூரம், மிதவை எல்லாவற்றையும் நன்றாகக் காய விடுங்கள், படகுக்குள் தேங்கிய தண்ணீரைக் கரையிலேயே வடித்துவிடுங்கள். இதுவரை பார்க்காத சிப்பி ஏதாவது கயிற்றில் கொத்தாக ஒட்டியிருந்தால் பிய்த்து எறியாமல் ஒரு படம் எடுத்து, உங்கள் பகுதி மீன்வளத் துறைக்கோ கடல் ஆய்வு நிலையத்துக்கோ அன்றைக்கே அனுப்புங்கள்.