மெகாபிக்சலை விடுங்க, லென்ஸைப் பாருங்க

எந்த கேமரா வாங்கலாம்னு கேக்குற தம்பிங்க எல்லாரும் மெகாபிக்சல்லதான் ஆரம்பிக்கிறாங்க. 24 தாராளம்ப்பா. ஏபிஎஸ்-சி பாடி (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்ன சென்சார் வெச்ச கேமரா, லென்ஸ் இல்லாம) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு, மிச்சக் காசை லென்ஸ்ல போடுங்க. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அந்தச் சின்ன சென்சார்ல 75 எம்எம் மாதிரி, இன்னும் கிட்ட இழுத்துத் தெரியும். ஆள் முகத்துக்கு அம்சமா இருக்கும். பாண்டி ஒயிட் டவுன் சந்துலதான் பின்னாடி போய்ப் போய் முதுகு சுவத்துல இடிக்கும்!

கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்துல காலையில வலை உதறுறப்ப ஷட்டரை 1/1000 செகண்ட் வெச்சுப் பாருங்க. தண்ணி துளித்துளியா அந்தரத்துல நிக்கும், நடுவுல மீன் செதில் மினுங்கும். வெளிச்சம் பத்தாம ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற செட்டிங்) ஏறி, படத்துல புள்ளிப்புள்ளியா நாய்ஸ் வரும்; வரட்டுமே. சில்வர் பீச்ல மட்டும் லென்ஸைக் கழட்டாதீங்க, மணலும் உப்புக்காத்தும் சென்சாருக்கு ஆகாது.

பாண்டி வார் மெமோரியல் வெள்ளைத் தூண் சாம்பலா விழுதுன்னு கேட்டவருக்கு: கேமராவுக்குள்ள வெளிச்சம் அளக்குற மீட்டர் வெள்ளையையும் சாம்பலாக்கத்தான் பாக்கும், எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்சத்தை) +1 ஏத்துங்க.