உலையின் கணக்கு யார் கையில்?

"எல்லாவற்றையும் கிளவுட்டில் ஏற்றிவிடலாமா, வேண்டாமா?" கோவைப் பக்கம் பவுண்டரி (வார்ப்பாலை), பம்ப் செட், வால்வு என்று தொழில் நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கிளவுட் என்றால், நம் தரவையும் மென்பொருளையும் வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் வைத்து இணையம் வழியாகப் பயன்படுத்துவது. இதற்கு ஒற்றைச் சொல்லில் நான் பதில் சொல்வதில்லை. எந்த வேலையை ஏற்றப்போகிறீர்கள், ஏற்றிய பிறகு எதுவரை உங்கள் பொறுப்பு, நாளைக்கு வேண்டாம் என்றால் எப்படி இறக்கிக்கொள்வீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். விடை கிடைக்கும்வரை கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கட்சி. தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் அமைத்துத் தருவதுதான் என் பிழைப்பு. கிளவுட் விற்பனையிலும் எனக்கு வருமானம் உண்டு. அதனாலேயே இதை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிளவுட் சேவை வகைகள் மூன்று. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட சில பக்க ஆவணத்தில் இவை தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. அதன்பிறகு விற்பனையாளர்கள் எத்தனை புதுப்பெயர் சூட்டினாலும் அடிப்படை மாறவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இதை ஷெட் கணக்கில் சொல்வேன். கரண்ட் இணைப்போடு வெறும் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, மெஷினையும் ஆளையும் நாமே கொண்டுபோய் இறக்கினால் அது ஐயாஸ்; அதாவது வெறும் கணினியை மட்டும் வாடகைக்கு எடுப்பது. மெஷினும் அதன் பராமரிப்பும் ஷெட்காரருடையது, டிராயிங்கும் ஓட்டுகிற ஆளும் நம்முடையது என்றால் அது பாஸ்; அதாவது நம் நிரலை ஓட்டத் தயாரான தளத்தை எடுப்பது. அளவைச் சொல்லிவிட்டு முடிந்த பொருளை மட்டும் வாங்கிக்கொண்டால் அது சாஸ்; அதாவது தயாரான மென்பொருளை அப்படியே பயன்படுத்துவது. வாடகை ஷெட்டில் நம் மெஷின் பழுதானால் ஷெட்காரரிடம் போய்ச் சண்டை போட மாட்டோம். ஆனால் ஐயாஸ் வாங்கியவர்கள் பேக்கப் (தரவின் மாற்றுப் பிரதி) எடுப்பது யார் வேலை என்பதை முதல் விபத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஒரு பவுண்டரிக்கு உயிரான தகவல் எது? மின்சாரத்தால் இரும்பை உருக்கும் இண்டக்ஷன் உலையில் ஒருமுறை உருக்கி இறக்குவது ஒரு ஹீட். அதற்கு ஓர் எண் உண்டு. ஊற்றுவதற்கு முன் சிறு கரண்டியில் கொஞ்சம் உருகிய உலோகத்தை எடுத்துச் செப்பு அச்சில் உறையவைத்து, அந்தத் துண்டைத் தேய்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைப்பார்கள். கார்பன், சிலிக்கான், மாங்கனீசு, கந்தகம், பாஸ்பரஸ் எவ்வளவு என்று திரையில் வரும். மெல்டிங் சூப்பர்வைசர் அதைப் பார்த்துக் குறைவதைச் சேர்க்கச் சொல்வார். மறுபடியும் மாதிரி எடுப்பார்கள். சரியாக வந்ததும் ஹீட் எண்ணோடு நோட்டில் ஏறும். கரி படிந்து, வியர்வையில் மை கரைந்து, 3 எது 8 எது என்று தெரியாத பக்கங்களை எத்தனையோ பவுண்டரிகளில் புரட்டியிருக்கிறேன். ஓராண்டு கழித்துப் பம்ப் வாங்கியவர் உறையில் விரிசல் விட்டதென்று படம் அனுப்பினால், வார்ப்பின் மேல் இருக்கும் ஹீட் எண்ணைக் கொண்டு அன்றைய கலவையைக் காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்த ஹீட்டில் வார்த்த அத்தனைக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தப் பதிவு கிளவுட்டில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நோட்டு நனையும், தொலையும், கரையான் அரிக்கும். ஆனால் உலையை ஓட்டுகிற வேலை வேறு. மெக்னீசியம் சேர்த்த எஸ்ஜி இரும்பை (கிராஃபைட் உருண்டைகளாக இருக்கும் வார்ப்பிரும்பு) சில நிமிடங்களுக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். தாமதமானால் மெக்னீசியத்தின் பலன் மங்கிப்போய், கிராஃபைட் உருண்டை வடிவில் உருவாகாது. இணையம் வரட்டும் என்று உருகிய இரும்பைச் சுமக்கும் லேடிலை நிறுத்திவைக்க முடியாது. உலையையும் அச்சு தயாரிக்கும் மோல்டிங் லைனையும் இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி, தன் நிரலைச் சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை ஓட்டி முடிக்கிறது. கிளவுட் சர்வர் மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோவைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் பயணிக்கும். போய்வர மட்டுமே 10 மில்லி விநாடி ஆகிவிடும். கேபிள் போகும் சுற்றுவழி, நடுவில் உள்ள ரூட்டர்கள், சர்வரின் வேலை எல்லாம் இதற்கு மேல். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. "மெஷின் கண்ட்ரோலையும் கிளவுட்டிலேயே வைத்துவிடலாம்" என்று யாராவது வந்தால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உலைப் பதிவு மேலே கிளவுட்டுக்குப் போவதற்கு ஷெட்டுக்குள் கேட்வே என்று ஒரு சிறு கணினி போதும். அது பிஎல்சியிடம் மோட்பஸ் என்ற தொழிற்சாலை நெறிமுறை வழியாகப் படித்துத் தன்னிடமே சேமித்துக்கொண்டு, இணையம் இருக்கும்போது எம்க்யூடிடி என்ற பொது நெறிமுறை வழியாக அனுப்பும். தகவலைத் திரையில் காட்டும் டேஷ்போர்டின் வண்ணத்தைப் பார்த்து இதை வாங்குகிறார்கள். லைன் அறுந்து கிடக்கும்போது எத்தனை நாள் பதிவைத் தன்னிடம் வைத்திருக்கும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பிரிவினை எவ்வளவு முக்கியம் என்பதை நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் உலகத்துக்கே காட்டியது. அப்போது நாற்பது நாடுகளில் சுமார் 35,000 பேர் வேலை செய்த அலுமினிய நிறுவனம் அது. 2019 மார்ச் 19 அன்று லாக்கர்கோகா என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) அதன் கணினிகளைப் பூட்டியது. கேட்ட பணத்தைக் கொடுக்க மறுத்தார்கள். பேக்கப்பிலிருந்து மீண்டார்கள். மீளும்வரை பல ஆலைகளைக் கையால் இயக்கினார்கள். ஆர்டர் விவரங்களைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு வேலை நடந்தது. மின்னஞ்சல் மட்டும் ஏற்கெனவே மைக்ரோசாஃப்டின் கிளவுட்டுக்குப் போயிருந்ததால், கைப்பேசியிலிருந்தே ஆலைக்கு ஆலை பேசிக்கொள்ள முடிந்தது. உள்ளூர் சர்வர் மொத்தமும் விழுந்த நாளில் சாஸ் நின்றது, கையால் ஓட்டத் தெரிந்த ஆட்கள் நின்றார்கள். இதைப் படித்ததிலிருந்து, எத்தனை நவீனமான அமைப்பை நிறுவினாலும் அன்றைய ஹீட் விவரத்தை ஷிஃப்ட் முடிவில் ஒரு தாளில் அச்சிட்டுக் கோப்பில் வைக்கச் சொல்கிறேன்.

"சர்வர் என் ரூமில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும், இணையத்தை நம்பித் தொழில் செய்ய முடியாதுங்க" என்பவர்களும் உண்டு. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம். அரசின் தளத்திலிருந்து எண் வாங்காமல் இன்னொரு நிறுவனத்துக்கு பில் போட முடியாது. லாரி கேட்டைத் தாண்டுவதற்கு இணையம் எப்போதோ தேவையாகிவிட்டது. கணக்கையும் விற்பனையையும் சாஸில் வைப்பதால் இணையத்தை நம்பியிருக்கும் ஆபத்து புதிதாக வந்துவிடாது. இரண்டு வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பை வாங்கிவைத்தால் போதும்.

கணக்கு மென்பொருளில் சட்டமும் இருக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், திருத்தம் ஒவ்வொன்றும் தடம் பதியும் மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும். மின்னணுக் கணக்கேடுகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பதிவாக வேண்டும் என்று 2022இல் விதி திருத்தப்பட்டது. சாஸ் நிறுவனத்தின் சர்வர் சிங்கப்பூரிலா, மும்பையிலா என்று கேட்பது இனி வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. மைக்ரோசாஃப்ட் 2015இலேயே புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும், 2022இல் ஹைதராபாத்திலும் தரவு மையங்களைத் திறந்துவிட்டன. இந்தியாவில் வைக்க இடமில்லை என்ற சாக்கை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

சாஸ் வாங்கும்போது நான் தவறாமல் பார்ப்பது ஜாப் ஒர்க் பகுதியை. வார்ப்பை லேத் வேலைக்கு வெளியே அனுப்பி வாங்குவது எங்கள் ஊர்த் தொழிலின் முதுகெலும்பு. அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். எந்தச் சலானில் எத்தனை போயிற்று, எத்தனை வந்தது, எத்தனை கழிவானது என்பதைத் தனித்தனியாகக் காட்டாத மென்பொருள், மற்ற எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தாலும், பவுண்டரிக்கு உதவாது. சாஸை நம் வசதிக்கு வளைப்பது கடினம். அது நம் பழக்கத்துக்குப் பொருந்துகிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஐயாஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வார்ப்பு உறைவதைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்க்கும் வேலைக்கு அது கச்சிதம். மாதத்தில் சில மணி நேரம் பெரிய கணினி தேவை, மற்ற நேரம் தேவையில்லை. மென்பொருளின் உரிமம் அதற்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சர்வரை அப்படியே தூக்கி ஐயாஸில் வைத்து 24 மணி நேரமும் ஓடவிட்டால் மாதாமாதம் பில் வரும், பழைய தலைவலிகளும் கூடவே வரும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தது. வேறு இடத்தில் பேக்கப் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் தரவை நிரந்தரமாக இழந்தார்கள்.

பாஸில் வேறொரு சிக்கல். மெஷின் தரவைச் சேர்க்க உதவிய ஐஓடி கோர் சேவையை, ஓராண்டுக்கு முன்பே அறிவித்துவிட்டு, 2023 ஆகஸ்ட் 16 அன்று கூகுள் மூடியது. அவ்வளவு பெரிய நிறுவனமே மூடும்போது மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஷெட்டில் உள்ள கேட்வே பொது நெறிமுறையில் பேசினால், முகவரியை மாற்றி வேறிடத்துக்குத் திருப்பிவிட வழி இருக்கும். அந்த நிறுவனத்துக்கே உரிய மொழியில் பேசினால் மொத்தத்தையும் கழற்றிப்போட வேண்டிவரும்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. நான் வேலை செய்துகொடுத்த ஒரு வால்வு நிறுவனம், பயன்படுத்திவந்த ஈஆர்பி (கணக்கு, இருப்பு, விற்பனை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மென்பொருள்) சேவையை நிறுத்தப்போவதாகச் சொன்னது. சேவை தந்தவர்கள் ஆயிரக்கணக்கான பில்களைப் பிடிஎஃப் கோப்புகளாக அனுப்பிவிட்டு, தரவு முழுவதும் இதுதான் என்றார்கள். ஹீட் எண்ணுக்கும் பில்லுக்கும் இருந்த தொடர்பு அதில் இல்லை. அட்டவணையாக வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அதுவும் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அந்த முதலாளி வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த தரச் சான்றுகள் அவை. அவருடைய பொருளை அவருக்கே விலைக்கு விற்பதை வணிகம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தரவுச் சட்டம், வாடிக்கையாளர் வேறு கிளவுட்டுக்கு மாறுவதைச் சேவை நிறுவனம் தடுக்கக் கூடாது என்கிறது. மாறுவதற்கான கட்டணமும் 2027 ஜனவரி 12 முதல் அங்கே கூடாது. நாம் இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. சேவை முடிந்தபின் எத்தனை நாள் தரவைப் பார்க்கலாம், எந்த வடிவில் தருவார்கள், எவ்வளவு கட்டணம் என்று மூன்று வரி எழுதினால் போதும். முன்பணம் கொடுப்பதற்கு முன், சோதனைக் கணக்கில் ஒரு வாரத் தரவை ஏற்றி, சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பாக இறக்கி, அவர்களுடைய மென்பொருள் இல்லாத ஒரு கணினியில் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு ஹீட் எண்ணை எடுத்து, அது எந்தப் பில்லில் யாருக்குப் போனது என்று உங்கள் கணக்காளர் அந்தக் கோப்புகளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கட்டும். அவரால் முடியவில்லை என்றால் காசோலையை எழுதாதீர்கள்.