கை ஊன்றி எழ

ஜனவரி 4

அக்கா குளியலறை வாசலில் கால் இடறி விழுந்து இன்றோடு பத்து நாள். எலும்பு எதுவும் முறியவில்லை. விழுந்ததைவிட, எழ முடியாமல் கிடந்தாள் பாருங்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி அழுத்தியிருக்கிறாள். முழங்கை நடுங்கி நடுங்கி மடங்கிவிட்டதாம். நாற்பது நிமிடம் அப்படியே. இத்தனைக்கும் தினமும் ஒரு மணி நேரம் நடப்பவள். காலுக்கு அவ்வளவு செய்தவள் கைக்கு ஒன்றுமே செய்யவில்லை. நானும்தான் செய்யவில்லை. அவளுக்கு 68, எனக்கு 61.

ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தரையில் படுத்து எழுந்து பார்த்தேன். எழுந்துவிட்டேன், ஆனால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு.

ஜனவரி 7

சுவர்த் தண்டால் தொடங்கியாயிற்று. சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் பதித்து, நெற்றி சுவரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து, தள்ளி நிமிர வேண்டும். எட்டு முடிந்தது. ஒன்பதாவதில் இடுப்பு தொய்ந்து வயிறு முன்னால் போனது, நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 9

புஜத்தின் பின்பக்கம் தொட்டாலே வலிக்கிறது. பழகாத வேலை செய்தால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் இப்படி வலி ஏறுமாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாக வலிக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

ஜனவரி 15

பிசியோதெரபிஸ்டிடம் போனோம். அக்காவுக்காகத்தான் போனது, என்னையும் பார்த்தார். பிடி வலுவை அளக்கும் ஒரு சிறு கருவியைக் கையில் கொடுத்து முழு பலத்தோடு அழுத்தச் சொன்னார். எனக்கு 17 கிலோ, அக்காவுக்கு 13. ஆசிய நாட்டினருக்கு 2019இல் வகுத்த அளவுப்படி பெண்களுக்கு 18 கிலோவுக்கும், ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனால் கவனிக்க வேண்டிய நிலை. நான் கோட்டுக்கு ஒரு கிலோ கீழே இருக்கிறேன். வீட்டு வேலை முழுவதையும் செய்கிற கை இது! அதை நம்பவே கொஞ்ச நேரம் ஆனது.

வயதோடு தசை கரைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். கிரேக்கத்தில் ‘சதை இழப்பு’ என்று பொருள். 1989இல்தான் இந்தப் பெயரே வந்தது. முப்பதைத் தாண்டியதும் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறதாம், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. வலு அதைவிடவும் சீக்கிரம் இறங்குகிறது. அதிலும் சட்டென்று விசை கொடுக்கும் தசை இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. தடுமாறும்போது கையை நீட்டி ஊன்ற வைப்பவை அவைதான். லேசான எடையைப் பிடித்து ஆட்டினால் அவை விழிப்பதில்லை, கடைசி இரண்டு முறையாவது திணற வேண்டும் என்றார்.

ஜனவரி 29

முதல் இரண்டு வாரமும் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன். இழுக்கவே இல்லை. நம் வேலையெல்லாம் உடம்புக்கு முன்னால்தான் நடக்கிறது, தோள் தானாகவே முன்னால் வளைந்துவிடுகிறது. அதன் மேல் தண்டால் மட்டும் போட்டால் இன்னும் வளையும். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய், தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நடுவில் நெருங்கும்வரை இழுக்கிறேன். அங்கே இரண்டு நொடி நிறுத்தி மெல்ல விடுகிறேன். முதல் நாள் அந்த இடத்தில் தசை இருப்பதாகவே தெரியவில்லை. நாலாவது நாள் ஒரு கயிறு இறுகுவது போலத் தெரிந்தது. ஒரு தண்டாலுக்கு ஓர் இழுப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18

சுவரிலிருந்து மேசைக்கு இறங்கியாயிற்று. கை ஊன்றும் இடம் தாழத் தாழ எடை கூடும். தரைக்கே போய்விட்டால் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கையில் நிற்கும். தள்ளும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் குப்பென்று ஏறும், எங்கள் வயதில் அது வேண்டாம்.

கை ஒன்றும் பருக்கவில்லை, வலு மட்டும் கூடியிருக்கிறது. முதல் சில வாரம் அப்படித்தானாம். இருக்கிற தசையைச் சேர்ந்தாற்போல் வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன, சதை அப்புறம்தான் வருகிறது.

மார்ச் 6

தப்பு செய்துவிட்டேன். 3 கிலோ டம்பெலைத் தலைக்கு மேல் சுலபமாகத் தூக்க முடிந்தது என்று நேராக 5 கிலோவுக்குத் தாவினேன். வாரத்தில் மூன்று நாள் என்றிருந்ததை ஐந்து நாளாகவும் ஆக்கியிருந்தேன். வலது தோளின் முனையில் ஊசி குத்துவது போல ஒரு வலி. இது ஜனவரியில் வந்த வலி இல்லை. ஒரே இடத்தில், கூர்மையாக, பக்கவாட்டில் கையைத் தூக்கினாலே வருகிறது. இடது தோளில் எதுவும் இல்லை.

மார்ச் 9

பிசியோதெரபிஸ்ட் திட்டவில்லை. தோள் எப்படி அமைந்திருக்கிறது என்று காட்டினார். புஜ எலும்பின் உருண்டை ஒரு ஆழமில்லாத குழியில் உட்கார்ந்திருக்கிறது, நான்கு சிறு தசைகள் சுற்றி நின்று அதை நழுவாமல் பிடிக்கின்றன. அதில் ஒன்றின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நாண், தோள் எலும்புக்கு அடியில் ஒடுக்கமான இடத்தில் ஓடுகிறது. அதைத்தான் நான் சீண்டிவிட்டேன். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் தேறும். தசைநாணுக்குக் குறைவு, அது நிதானமாகத்தான் வலுப்படும். ‘உங்கள் தசை தயார், தசைநாண் இன்னும் இல்லை’ என்றார். முதல் நாளே யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்று வாரம் தலைக்கு மேல் எதுவும் தூக்கக் கூடாது. இழுப்பதைத் தொடரலாம். தண்டாலில் முழங்கை இரண்டு பக்கமும் விரியாமல், உடம்போடு 45 பாகை அளவில் இருக்க வேண்டும்.

மார்ச் 31

வலி இல்லை. மறுபடி 2 கிலோ. வெட்கமாக இல்லை.

ஏப்ரல் 19

பயணத்தில் பத்து நாள் போய்விட்டது. திரும்பி வந்து மேசையில் கை வைத்தால் எண்ணிக்கை ஒன்றுதான் குறைந்திருக்கிறது. வலுவைச் சேர்க்க ஆகும் உழைப்பைவிடக் காப்பாற்ற ஆகும் உழைப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் வாரத்துக்கு 2 நாளாவது தசைப் பயிற்சி என்றுதான். நான் இரண்டிலேயே நிற்கப்போகிறேன், நடுவில் இரண்டு நாள் ஓய்வோடு. புரதத்தையும் கூட்டியிருக்கிறேன். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

மே 23

பிடி வலு 20 கிலோ. வீட்டுக்கு வந்து தரையில் குப்புறப் படுத்தேன். உள்ளங்கைகளைத் தோளுக்கு அருகே ஊன்றித் தள்ளி, முட்டி போட்டு, ஒரு காலை முன்னால் வைத்து எழுந்தேன். கட்டில் காலைத் தொடவில்லை. மறுபடி படுத்து மறுபடி எழுந்தேன். ஆறு தடவை.

மே 24

அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். ‘உனக்கென்ன, 61. எனக்கு இனிமேல் எங்கே?’ என்றாள். 1990இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னேன். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அது கால் தசைக்கு. வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. ‘தொண்ணூறா?’ என்றாள்.

ஜூன் 8

அக்கா வீட்டில் இருந்தேன். தரை இப்போது வேண்டாம் என்று கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டு கைப்பிடியையும் அழுத்தி, காலுக்கு அதிக வேலை கொடுக்காமல் உடம்பைத் தூக்க வேண்டும். முதல் தடவை உடம்பு அசையவே இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ‘மூச்சை விடுங்க அக்கா’ என்றேன். விட்டாள், ஒரு விரற்கடை எழும்பினாள். முழங்கை நடுங்கியது, மடங்கவில்லை.

‘நாலு’ என்றேன்.

‘நீ எண்ணாதே. நானே எண்ணிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு மறுபடி கைப்பிடியை அழுத்தினாள்.