ஈரம் காயாத ஷீட்

நேற்று களியக்காவிளைக்கு ரப்பர் ஷீட் விற்கக் கிளம்பியபோது அம்மை தடுத்துவிட்டார். “மக்களே, இது இன்னும் காயவில்லை. ஈரத்துக்கும் சேர்த்தா காசு வாங்கப் போகிறாய்?” வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள். கையில் பணமில்லாத வாரம்தான். ஆனாலும் ஷீட்டை மறுபடியும் புகையில் தொங்கவிட்டேன்.

சிறுவயதில் பயபக்தி என்றால் ஆலயத்தில் சிரிக்காமல் விறைப்பாக உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தேன். அம்மையைப் பார்த்துத்தான் அது மாறியது. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே பட்டை வெட்டப் போவார். முதல் மரத்தைத் தொடும் முன் முந்தானையால் தலையை மூடி ஜெபிப்பார். பிறகு மரத்துக்கு மரம் பாட்டுதான்! அந்தக் குரல் கேட்டுத்தான் நாங்கள் கண் விழிப்போம்.

“பயத்துடனே கர்த்தரைச் சேவியுங்கள், நடுக்கத்துடனே களிகூருங்கள்” என்கிறது 2ஆம் சங்கீதம். நடுக்கமும் களிப்பும் ஒரே வசனத்தில்! பவுலும் பிலிப்பியருக்குச் சந்தோஷத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியது விலங்கோடு காவலில் இருந்தபோதுதான். அம்மைக்கு இதையெல்லாம் விளக்கத் தெரியாது, என் ஷீட்டின் ஈரம் மட்டும் தெரியும். தேவனுக்குப் பிரியமாக நடப்பது தராசுத்தட்டு வரை வரும் என்பதை எனக்கு வேறு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இன்று காலை ஷீட் தேன் நிறத்தில் காய்ந்திருக்கிறது. எடை குறைந்துவிட்டது. அம்மை முற்றத்தில், மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிரித்தபடி பாடிக்கொண்டிருக்கிறார்.