கழுத்து சீவும்போது காதையும் வைத்திருக்க வேண்டும்

டெக்சாஸில் துப்பாக்கி பழுது பார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். சுட்டு முடித்த தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடுகளுக்குக் கழுத்து சீவுவதுதான் என் முக்கிய வேலை. அங்கே பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில், அதாவது துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துக் குறி தவறாமல் சுடும் போட்டியில், சுடுகிறவர்கள் கூட்டைத் தூக்கிப் போடமாட்டார்கள், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்வார்கள். குண்டைப் பிடித்திருப்பது கூட்டின் கழுத்து. அதன் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தால் குண்டு குழலுக்கு நேராக உட்காராது, அதனால் மேடாக இருக்கிற பித்தளையை வெளியிலிருந்து சீவி எடுக்கிறோம்.

.308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவின் கூட்டில் அந்தச் சுவரே சுமார் 0.015 அங்குலம்தான். அதில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு எடுப்போம். அதிகமாகப் போனால் கழுத்து சீக்கிரமே கீறிவிடும்.

கையால் சுற்றினால் ஐம்பது கூட்டுக்கே விரல் மரத்துப்போகும். மோட்டார் வைத்த டிரிம்மர், அதாவது சீவும் கருவி, வந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு மதியம் இருநூறு கூடுகள் குவிந்திருந்தன, வேகத்தைக் கூட்டி ஓட்டினேன், சீவல் பொன்முடி மாதிரி சுருண்டு மேசையில் விழுந்துகொண்டே இருந்தது, நாற்பதாவது கூட்டில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். கழுத்துக்குள் போகும் மாண்ட்ரல் என்ற எஃகுத் தண்டைக் கூடு இறுகப் பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தால் விரலில் வைக்க முடியாத சூடு, அந்தத் தண்டின் மேல் பித்தளை அப்பியிருந்தது. அப்பிய பித்தளை கழுத்தைக் கத்தியை நோக்கித் தள்ளும், சுவர் இன்னும் மெலியும். மைக்ரோமீட்டரில் அளந்தேன். முதல் பத்துக்கும் கடைசிப் பத்துக்கும் அளவு ஒத்துப்போகவில்லை.

உண்மையில் சத்தம் அதற்கு முன்னாலேயே மாறியிருந்தது. கையால் சுற்றியிருந்தால் இறுக்கம் விரலுக்குத் தெரிந்திருக்கும், மோட்டார் அதை மறைத்துவிட்டது.

பித்தளை அப்படித்தான், உள்ளே இறுக்கத்தை வைத்துக்கொண்டு வெளியே சும்மா பளபளக்கும். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயத்தில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தானாகவே விரிசல் விட்டன. லாயத்து அம்மோனியாவும் கூட்டுக்குள் தங்கிய அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் எழுதினார்கள்.

அப்புறம் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் எண்ணெய் தடவி, இரண்டு கத்திகளை மாற்றி மாற்றி வைத்து, ஒன்று ஆறும்வரை மற்றதில் சீவினேன். இருபது கூட்டுக்கு ஒரு முறை அளவு. அந்த நாற்பதையும் முதலாளியிடம் காட்டினேன், மெலிந்தவற்றை அவரே சப்பையாக நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போட்டார்.